நாடு சமைத்த வேந்தன்

நிலம் எங்கும் உளது. மக்களும் எங்கும் உளர். ஆயினும், நிலமும் மக்களும் ஒருங்கு காணப்படும் அளவில் நாடு அமைந்துவிடுவதில்லை. ஓர் ஊரில் வழங்கும் அளவையும் ஆவணமும் மற்றோர் ஊரிலும் செல்லுதல் வேண்டும். வலியோன் எளியோனை வருத்தியவிடத்து, இருவர்க்கும் மேலாய முறை ஒன்று நின்று காத்தல் வேண்டும். ஓர் ஊரார், தாம் கண்டிராத பிற ஊராரையும் தம்மவர் என்று கருதுதல் வேண்டும். இவை யாவும் பொருந்திய வழியே நிலம் நாடாகும். வாளால் நிலத்தைக் கொண்டோர் பலர். கொண்ட நிலத்தை நாடாக்கினோர் மிகச் சிலர். அச்சிலருள் தலைசிறந்தோன் முதலாம் இராசராச சோழன்.

கற்சுவர் கூறும் வரலாறு

புதுவையைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தில் பழம்பெரும் ஊர்கள் பல உள. சங்கராபரணியாற்றின் கரையில் வில்லியனூர் விளங்குகின்றது. தெற்கே, தென்பெண்ணையாற்றுக்கு வடபால், ஏரி நீரால் வளம் பெற்ற நெல்வயல்களின் நடுவே பாகூர் அமைந்துள்ளது. புதுவையின் நெற்களஞ்சியம் என்று மக்கள் பாராட்டும் இவ்வூரின் பழம்பெயர் வாகூர் என்பது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ வேந்தனாகிய நிருபதுங்கவர்மன், தன் எட்டாம் ஆட்சியாண்டில், இவ்வூரில் விளங்கிய கல்லூரிக்கு மூன்று ஊர்களை அறமாக அளித்தான். 1879ஆம் ஆண்டில் கிடைத்த பாகூர்ச் செப்பேடுகளால் இச்செய்தி வெளிப்பட்டது.

பாகூரில் மூலநாதர் கோயில் என்னும் கற்றளி உள்ளது. அதன் சுவர்களில் கல்வெட்டுகள் பல காணப்படுகின்றன. அவற்றுள் சில, கன்னரதேவன் என்பானது ஆட்சியாண்டைக் குறிக்கின்றன. கன்னரதேவன் சோழனும் அல்லன், பல்லவனும் அல்லன், பாண்டியனும் அல்லன். வடக்கே மானியகேதத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட இராட்டிரகூட மன்னனாகிய மூன்றாம் கிருட்டிணனே அவன். அதே கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளும், அவன் வழிவந்தோர் காலத்துக் கல்வெட்டுகளும் உள. தக்காணத்து மன்னன் ஒருவனது ஆட்சியாண்டு பெண்ணைக் கரையிலுள்ள ஓர் ஊரில் பொறிக்கப்பட்டது ஏன்? பின்னர் அது மாறிச் சோழர் ஆண்டு பொறிக்கப்பட்டது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போர் இராசராசனது பெருமையின் அடிப்படையை உணர்வர்.

சிதைந்த அரசு

ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றிச் சோழர் ஆட்சிக்கு மீண்டும் வித்திட்டான். அவன் மைந்தன் முதலாம் ஆதித்தன் பல்லவரை வென்று தொண்டை நாட்டைச் சோணாட்டொடு சேர்த்தான். ஆதித்தன் மைந்தன் முதலாம் பராந்தகன் மதுரையைக் கொண்டான். இங்ஙனம் மூன்று தலைமுறைகளில் வளர்ந்த அரசு, ஒரு நாட்போரில் நிலைகுலைந்தது. 949ஆம் ஆண்டில் தக்கோலம் என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில், பராந்தகன் மூத்த மைந்தனாகிய இராசாதித்தன் யானைமீதிருந்தவாறே உயிர் துறந்தான். வெற்றி பெற்ற கன்னரதேவன், கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்று தன்னைக் கூறிக்கொண்டான். தொண்டை நாடும் பெண்ணைக் கரையூர்களும் அவன் வயமாயின. பாகூர்க் கோயிற் சுவரில் அவன் ஆண்டு காணப்படுவதற்குக் காரணம் இதுவே.

வீரத்தில் குறைவின்மையால் மட்டும் ஓர் அரசு நிலைபெறுவதில்லை என்பதை இத்தோல்வி காட்டிற்று. இராசாதித்தன் அஞ்சாது பொருதவன். ஆயினும், அவன் மாய்ந்தவுடன் வடபகுதி முழுதும் கைநழுவியது. அடுத்து வந்த சோழ மன்னர் சிலர் நெடுநாள் வாழ்ந்திலர். இரண்டாம் பராந்தகனாகிய சுந்தர சோழன் காலத்திலேதான் இழந்த பகுதிகளை மீட்கும் முயற்சி உறுதியாகத் தொடங்கியது.

அருள்மொழியின் இளமை

சுந்தர சோழனுக்கும் வானவன்மாதேவிக்கும் பிறந்தவன் அருள்மொழிவர்மன். ஐப்பசித் திங்கள் சதய நாள் அவன் பிறந்தநாள். ஆதித்த கரிகாலன் அவனுக்குத் தமையன், குந்தவையார் தமக்கையார். கண்டராதித்த சோழரின் தேவியாரும், கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக ஆக்கியவருமாகிய செம்பியன்மாதேவியார் அக்குடியில் மூத்தோராய் விளங்கினார். இவ்விரு பெருமாட்டியர்பாலும் அருள்மொழிக்கு இருந்த அன்பு அவன் வாழ்நாள் முழுதும் குறைந்திலது.

இளமையிலேயே அவனுக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. பட்டத்துக்கு உரியவனாக இருந்த ஆதித்த கரிகாலன் வஞ்சகரால் கொலையுண்டான். சில காலத்துக்குள் சுந்தர சோழனும் மறைந்தான். வானவன்மாதேவியும் கணவனுடன் உயிர் நீத்தாள். தந்தையும் தாயும் தமையனும் இல்லாது நின்ற இளவரசனை நாட்டினர் நோக்கினர். அவனே அரசேற்றல் வேண்டும் என விரும்பினர். ஆயின், கண்டராதித்தர் மைந்தனாகிய உத்தம சோழனும் ஆட்சியை நாடினான்.

அருள்மொழி வாளெடுத்திருப்பின், சோழர் குடி இரண்டுபட்டிருக்கும், வடக்கே இழந்தன மீளா, எஞ்சியனவும் அழிந்திருக்கும். சிற்றப்பன் முறையினனாகிய உத்தம சோழன் ஆட்சியை விரும்பும்வரை தான் அதனை மனத்தாலும் விரும்பேன் என்று அருள்மொழி ஒதுங்கிநின்றான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அவன் காத்திருந்தான். பொங்கியெழும் ஆற்றலைவிடப் பொறுத்திருக்கும் ஆற்றல் அரிது. நாட்டை அமைத்தற்கு வேண்டிய முதற்பண்பு அவன்பால் அரசேறுமுன்னரே அமைந்திருந்தது.

985ஆம் ஆண்டில் அவன் அரியணை ஏறினான். தன் தமையனைக் கொன்றோர் செய்தியை அவன் மறந்தானல்லன். அத்துரோகிகளும் அவர்தம் உறவினரும் உடைமை இழந்தமையை, அவனது இரண்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட உடையார்குடிக் கல்வெட்டால் அறிகிறோம். உடன்பிறந்தான் கொலையிலும் அரசன் செய்தது ஓலையில் எழுந்து கல்லில் நின்றமை கருதத்தக்கது.

வாளின் வெற்றி

இராசராசனது முதற்பெருவெற்றி சேர நாட்டுக் காந்தளூர்ச் சாலையில் நிகழ்ந்தது. சேரரும் பாண்டியரும் பணிந்தனர். மேற்கே கங்கபாடியும் நுளம்பபாடியும் தடிகைபாடியும் அவன் ஆட்சிக்குட்பட்டன. வடகிழக்கே வேங்கி நாட்டில் அவன் துணையுடன் அரசு நிலைபெற்றது. கடற்படை ஈழத்தின் வடபகுதியைக் கொண்டது. பொலன்னறுவை சோழரது தலைநகராயிற்று. இறுதியில் முந்நீர்ப் பழந்தீவுகள் எனப்பட்ட மாலைத்தீவுகளும் அவன் ஆணைக்குட்பட்டன.

வெற்றியை எண்ணி மகிழ்வோர் அதன் மறுபுறத்தையும் காணுதல் வேண்டும். பல நூற்றாண்டுகளாகப் புகழ்பெற்று விளங்கிய அனுராதபுரம் ஈழப்போரில் அழிவுற்றது. 1007ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னட நாட்டு ஒட்டூர்க் கல்வெட்டு, சோழப்படை அந்நாட்டைப் பாழாக்கி மகளிரையும் மழலையரையும் வருத்தியது என்று குறைகூறுகின்றது. பகைவர் கூற்றாதலின் அதனை முழுதும் கொள்ளாவிடினும், முழுதும் தள்ளுதற்கும் இல்லை. தக்கோலத்துக்குப் பின்னர்த் தமிழ்நாட்டு ஊர்கள் பட்ட துயரத்தைப் பிறநாட்டு ஊர்களும் பட்டிருக்கும். வரலாறு, வென்றோர் பக்கமும் தோற்றோர் பக்கமும் புரட்டிப் படிக்கவேண்டிய ஏடாகும்.

கோலின் வெற்றி

வாள் வென்ற நிலத்தைக் கோல் கொண்டு அளந்தான் இராசராசன். ஈண்டுக் கோல் என்றது நிலமளக்கும் கோலை. ஏறத்தாழ 1001ஆம் ஆண்டில் நாடெங்கும் நிலம் அளக்கப்பட்டது. அப்பணியை முன்னின்று முடித்த தலைவன் உலகளந்தான் என்னும் சிறப்புப்பெயர் பெற்றான். விளைநிலம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு, மக்கள் குடியிருப்பு எனப் பகுத்து, வரி கொள்ளத்தக்கதும் தகாததும் தனித்தனியே வரையறுத்தனர். ஒரு வேலி நிலத்தின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை அவர்தம் கணக்கு நுணுகிச் சென்றது. அத்துணைச் சிறுதுண்டில் நெற்பயிர் ஒன்றும் நில்லாது என்பது உண்மையே. ஆயினும், உழவன் ஒருவன் நிலத்தில் ஒரு சிறிதும் கூட்டவோ குறைக்கவோ ஆகாது என்னும் கொள்கை அக்கணக்கில் விளங்குகின்றது.

அளந்த நிலத்தை ஆளும் முறையையும் அவன் வகுத்தான். ஊர்கள் பல சேர்ந்து நாடு அல்லது கூற்றம் ஆயின. நாடுகள் பல சேர்ந்து வளநாடு ஆயின. அவற்றின்மேல் மண்டலம் அமைந்தது. ஒருகாலத்துக் கைநழுவிய தொண்டை நாடு சயங்கொண்ட சோழ மண்டலம் எனப் பெயர் பெற்றது.

ஊராட்சியை அவன் ஒழித்தானல்லன். சபையும் ஊரும் நகரமும் தத்தம் கடமையைத் தாமே ஆற்றின. ஏரி காத்தலும், நிலவிற்பனையை உறுதிசெய்தலும், அறக்கட்டளையை நடத்துதலும் ஊரார் கையிலேயே இருந்தன. அரசன் ஆணையும் ஊரார் உரிமையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. எனினும், வரிச்சுமை எளியதாயிருந்தது என்று கூறுதற்கில்லை. இரண்டு ஆண்டுகள் முழுதும் வரி செலுத்தாதோர் நிலத்தை ஊரார் விற்றுக்கொள்ளலாம் என்று அவன் 24ஆம் ஆட்சியாண்டில் பிறப்பித்த ஆணை உக்கல் என்னும் ஊர்க் கல்வெட்டில் காணப்படுகின்றது. ஆட்சியின் திறமும் கடுமையும் அவ்வோர் ஆணையிலேயே புலனாகின்றன.

சொல்லின் வெற்றி

தனக்கு முன்னிருந்தோர் செய்யாத ஒன்றையும் இராசராசன் செய்தான். அரசனது வெற்றிகளை வரிசைப்படக் கூறும் மெய்க்கீர்த்தி ஒன்றைச் செந்தமிழில் அமைத்து, கல்வெட்டுகளின் தொடக்கத்தில் பொறிக்கச் செய்தான். ஊர்கள்தோறும் கோயிற் சுவரில் ஒரே தொடர் எழுந்தது. ஆட்டுக்கொடையைக் கூறும் சிறு கல்வெட்டாயினும், அது நாட்டின் பெருவரலாற்றைக் கூறியே தொடங்கிற்று. பெண்ணைக் கரையிலுள்ளவனும் பொருநைக் கரையிலுள்ளவனும் ஒரே சொல்லைத் தத்தம் ஊர்க்கல்லில் கண்டனர். மேல்வந்த சோழரும் பிற மன்னரும் அவ்வழக்கத்தைப் பின்பற்றினர்.

பெருங்கோயில்

இராசராசன் தஞ்சையில் எடுப்பித்த பெருங்கோயில் உலகறிந்தது. தன் 25ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1010ஆம் ஆண்டில், விமானத்தின் உச்சியில் வைத்தற்குரிய செப்புக்குடத்தை அவன் அளித்தான். பதின்மூன்று நிலைகளாய் உயர்ந்த அவ்விமானத்தைக் காண்போர் அதன் உயரத்தை வியப்பர். அடிப்பகுதியில் உள்ள எழுத்தைப் படிப்போர் அதனினும் மிக வியப்பர்.

தான் கொடுத்தவற்றை மட்டும் பொறிக்குமாறு அவன் ஆணையிட்டானல்லன். தமக்கையார் கொடுத்தனவும், தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் விமானக் கல்லில் வெட்டுக என்றான். கோயிற்பணிக்கு வந்த 400 ஆடன்மகளிரின் பெயரும், அவர் முன்பிருந்த ஊரும், அவர்க்களித்த மனை எத்தெருவில் எத்தனையாவது என்பதும் அங்கே காணப்படுகின்றன. திருப்பதிகம் விண்ணப்பிக்க 48 பேரும், உடன் கொட்டி முழக்க இருவரும் அமர்த்தப்பட்டனர். விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் இடையர்பால் அளிக்கப்பட்டன. அதற்கு ஈடாக நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் அவர் கடமை. கோயிற்பொருளை ஊர்ச்சபைகள் கடனாகப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்காற் காசு வட்டி செலுத்தின. அங்ஙனமாக, இடையனும் உழவனும் ஆடன்மகளும் பாடுவோனும் தொலைவூர்ச் சபையாரும் ஒரு கணக்கில் இணைந்தனர். அக்கோயில் இறைவனது உறைவிடமாக மட்டுமன்றி, நாட்டின் பேரேடாகவும் விளங்கிற்று.

இராசராசன் சிவபெருமானிடத்து மாறாத அன்புடையவன். ஆயினும், பிற சமயத்தார்க்கு அவன் வாயில் அடைத்தானல்லன். கடல்கடந்த சீவிசய நாட்டு மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு, ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான். அவ்வறத்தைக் கூறும் செப்பேடுகள் பிற்காலத்து ஆலந்து நாட்டின் லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. அவன் விடுத்த தூதுக்குழு சீன நாட்டை அடைந்தது 1015ஆம் ஆண்டிலாகும். அதற்கு முன்னரே, 1012ஆம் ஆண்டில் மைந்தன் இராசேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி, 1014ஆம் ஆண்டில் இராசராசன் மறைந்தான். தமையன் கொலையால் நேர்ந்த குழப்பம் தன் மைந்தன் காலத்தில் நேராவண்ணம் அவன் முன்னரே வழிசெய்தான்.

பிறநாட்டில் ஓர் ஒப்புமை

நாடு சமைத்தோர் எல்லா நிலத்திலும் தோன்றியுள்ளனர். ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில், இக்காலத்துக் கானா நாட்டில், அசாந்தி என்னும் இனத்தார் பல சிறு குடியரசுகளாகப் பிரிந்து வலிய அண்டை அரசு ஒன்றுக்குத் திறை செலுத்தி வந்தனர். ஒசேய் டூட்டு என்பான் அவர்களை ஒன்றுபடுத்தி, குமாசியைத் தலைநகராக்கி, 1701ஆம் ஆண்டில் அவ்வரசை வென்றான். அவனுக்கு உறுதுணையாய் இருந்தவர் ஒகொம்ஃபோ அனோச்சி என்னும் சமயகுரவர். அவரது வேண்டுகோளால் வானினின்றும் பொன்னிருக்கை ஒன்று இறங்கிற்று என்பது அம்மக்கள் கொள்கை. அவ்விருக்கையில் அரசனும் அமர்தல் இல்லை. அது நாட்டினர் அனைவரது உயிரையும் தாங்குவது என்பர். குடித்தலைவர் பலர் தத்தம் இருக்கையை விடாது அப்பொன்னிருக்கைக்குப் பணிந்தனர்.

ஈரரசரும் காலத்தாலும் இடத்தாலும் மிகத் தொலைவினர். ஒருவரை ஒருவர் அறிந்திலர். ஆயினும், ஒன்றை இருவரும் உணர்ந்திருந்தனர். அச்சத்தால் சேர்த்த மக்கள் அச்சம் நீங்கிய அன்றே பிரிவர். பொதுவான ஒன்றைத் தமதென மதிக்கும் மக்களே சேர்ந்து வாழ்வர். அசாந்தியர்க்குப் பொன்னிருக்கை அப்பொதுப்பொருள். சோழ நாட்டினர்க்கு அளந்த நிலமும், எழுதிய ஆவணமும், கல்லில் நின்ற சொல்லும் அப்பொதுப்பொருள்களாயின.

நின்றவையும் நில்லாதவையும்

வாளால் பெற்ற சேய்மை நிலங்கள் சோழரிடம் நெடுங்காலம் நின்றில. 1070ஆம் ஆண்டளவில் ஈழத்தை விசயபாகு மீட்டுக்கொண்டான். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கபாடியைப் போசள மன்னனாகிய விட்டுணுவர்த்தனன் கைப்பற்றினான். 1279ஆம் ஆண்டுக்குப் பின்னர்ச் சோழர் குடியே ஆட்சியினின்றும் மறைந்தது.

நின்றது எது? இராசராசன் மறைந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர், 1048ஆம் ஆண்டில், அவன் பெயரனாகிய முதலாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டொன்று வில்லியனூருக்கு மேற்கேயுள்ள திருபுவனையில் பொறிக்கப்பட்டது. அவ்வூர்க் கல்லூரியில் 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்தனர் என்றும், அவர்க்காக 72 வேலி நிலம் அளிக்கப்பட்டது என்றும் அது கூறுகின்றது. ஊர்ச்சபையாரே அவ்வறத்தை ஏற்று நடத்தினர். அளவு வரையறுத்த நிலம் இல்லாவிடின் 72 வேலியை எவ்வாறு ஒதுக்குவர்? ஆவணத்தை மதிக்கும் சபை இல்லாவிடின் ஆண்டுதோறும் ஆசிரியர்க்கு நெல் அளப்பவர் யாவர்? நூறாண்டுகளுக்கு முன்னர் வடபுலத்துப் படையால் அலைப்புண்ட பகுதியில், மாணவர் அச்சமின்றி அமர்ந்து ஓதினர். இராசராசன் பெற்ற வெற்றிகள் எல்லாவற்றினும் இதுவே மேலாயது.

கன்னரதேவனும் பெருவீரனே, ஒரு நாட்போரில் அவன் சோழப்படையைச் சிதைத்தான். அவன் ஆட்சி பெண்ணைக் கரையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளே நின்றது. இராசராசன் அமைத்த முறையோ அவன் வழியினர்க்கு இருநூறாண்டுகளுக்கு மேல் உதவியது. அழிப்பதற்கு ஒரு பகல் போதும்; அமைப்பதற்கு ஒரு வாழ்நாள் வேண்டும். காத்திருந்து கடமை ஏற்றல், பிறர் உரிமையை அளவறிந்து காத்தல், பிறர் செய்த நன்மையைத் தன் நன்மையோடு ஒப்ப எழுதிவைத்தல் ஆகிய பண்புகள் அரசர்க்கே உரியன அல்ல. ஊர்ப்பொதுவில் அமர்வோர்க்கும், கணக்கெழுதுவோர்க்கும், ஏரிநீரைப் பங்கிடுவோர்க்கும் அவை வேண்டப்படுவன. அப்பண்புகள் குடிமக்கள்பால் உள்ளவரை நாடு நாடாக நிற்கும்.